மண்டிக்காரர் தூக்கிப்போன மூலைவிட்டம்

அடியே,

இன்று காலை பாலக்கோடு மார்க்கெட்டைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் பழுத்த தக்காளி வாசனை ஏறியது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை எப்படி மறப்பேன்? ஒரே கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நாம் சேர்ந்து எழுதிய முதல் கட்டுரை. எண்களைக் கட்டமாக அடுக்கிய ஓர் அணியில் எத்தனை இடங்களைப் பூஜ்யமாக்கிவிட்டு, மிச்ச எண்களைக் கொண்டே அதன் நிலையைச் சொல்லும் ஐகன் மதிப்புகளை எல்லாம் மைனஸ் பக்கம் நிறுத்தலாம் என்பதுதான் கேள்வி. அதில் ஒன்று பிளஸ் பக்கம் தாண்டினாலும் நிலை குலைந்துவிடும். தனித்தனித் துண்டாகப் பிரியாத மூன்றுக்கு மூன்று அணியில் ஆறு எண்களாவது வேண்டும் என்று எழுதியிருந்தோம். "ஐந்து ஏன் போதாது?" என்று கேட்டு ஆய்விதழ்க்காரர்கள் திருப்பிவிட்டார்கள். மறுநாளுக்குள் பதில் போகாவிட்டால் கட்டுரை அவ்வளவுதான்.

நீ இதே மார்க்கெட்டில் உங்கப்பாவின் தக்காளி லோடுக்குக் காவல் இருந்தாய். நான் காகிதங்களோடு அங்கேயே வந்துவிட்டேன். தக்காளிப் பெட்டி என்றால் எண், காலிப் பெட்டி என்றால் பூஜ்யம் என்று தரையில் அணியையே அடுக்கிவிட்டாய். நாம் குனிந்து வாதாடிக்கொண்டிருக்க, மண்டிக்காரர் வந்தார்.

"ஏனுங்கக்கா, இது ஏலம் முடிஞ்ச சரக்குதானுங்களே?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் நடுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"ஐயோ, மூலைவிட்டத்த எடுத்துட்டுப் போறாருடி!" என்று கத்தினேன். சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ அசையவே இல்லை. "இருடி. அது போயும் நிக்குதான்னு பாத்துரலாம்."

பெட்டியில் விரித்திருந்த செய்தித்தாளைக் கிழித்து அதன் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாய். பழைய எண்களோடு நிற்கவில்லை. மிச்ச ஐந்து எண்களையும் மாற்றினாய். நின்றது! நாம் எழுதியது தப்பு என்று தெரிந்ததற்கு அப்படிக் குதித்தவர்கள் உலகத்தில் நாம் மட்டும்தான் இருப்போம்.

"என்னம்மா, தக்காளி வெல ஏறிருச்சா?" என்று உங்கப்பா ஓடி வந்தார்.

திருத்திய கட்டுரை முதலில் இருந்ததைவிட அழகாக வெளிவந்தது. அதை நீ எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டதும் எனக்குப் பிடித்தே இருந்தது.

நீ ஒரேயடியாகக் கண்ணை மூடிப் போனபோது நான் சாய்ந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். இல்லை, நிற்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, டீ குடிக்கும் நேரம், ஒரு கணக்குக்கு விடை வந்ததும் முதலில் யாருக்குப் போன் போடுவது என்று மிச்சமிருந்த எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டியிருந்ததுடி.