நீ சுட்டதும் நான் தின்றதும்

மாப்ள,

உன் பெட்டியிலிருந்து எடுத்த கம்பி இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. ஊசி மாதிரி கூரான எஃகுக் கம்பி, அதன் தலையில் சோடா மூடி அளவுக்கு ஒரு வட்ட முகம், உள்ளே ஒரு முள். எத்தனை தடவை கழுவினாலும் முகமும் கம்பியும் சேரும் இடுக்கில் கொழுப்பும் புகையும் கலந்த வாசனை போகமாட்டேன் என்கிறது. இன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அதை எடுத்து மோந்து பார்த்தேன். "காலங்காத்தால இரும்பப் போயி மோந்து பாக்கறீங்களே, நல்லாத்தான இருக்கறீங்க?" என்றாள் என் வீட்டுக்காரி. நல்லாத்தான் இருக்கிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பதைத் தவிர.

நாம் இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் பீங்கான் படித்தவர்கள். வாத்தியார் ஒருவர் நம்மைச் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் "வந்துட்டாங்க பாரு, ரெண்டு அரைவேக்காடுங்க" என்பார். சூளையைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு அதைவிடப் பெரிய வசவு தெரிந்திருக்காது. படிப்பு முடிந்ததும் நான் விருத்தாசலத்திலேயே ஒரு பீங்கான் யூனிட்டில் சூளையைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்துவிட்டேன். நீ துபாயில் டைல்ஸ் கம்பெனி வேலைக்குப் போனாய். எஞ்சினியர் மாப்பிள்ளை என்று சொல்லி உனக்கு நிச்சயமும் ஆயிற்று. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு அந்தக் கம்பெனியை இழுத்து மூடினார்கள்.

நீ போன் செய்து சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "டேய், ஒரு ஸ்டேக் கடையில வேலை கெடச்சிருக்குது, மாட்டுக்கறி சுட்டுத் தர்ற கடை. மொதல்ல பாத்திரம் தேய்க்கணும், அப்புறம் கிரில்லுக்கு மாத்துறேன்னு சொல்றாங்க. நெருப்புதானடா, நமக்குத் தெரியாததா? ஊர்ல மட்டும் மூச்சு வுடாத."

மூச்சு விடவில்லை. கல்யாணம் முடிந்த பிறகாவது சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். அதற்கும் உன் மாமனார் வாய்ப்பூட்டு போட்டுவிட்டார். கடைத்தெருவில் அவருடைய ஹார்டுவேர் கடையில் நாம் உட்கார்ந்திருந்தோம். உன் மச்சினிக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பையன் பண்டாரி, கல்யாண வீடுகளில் பிரியாணி போடுகிறவன். மாமனார் டீயை நம் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார்: "நல்ல பையன், தொழுகையாளி. அதெல்லாம் சரிதான். ஆனா பெரிய மாப்ள எஞ்சினியரு. சின்னது அடுப்புல நிக்கிறதான்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா?" நீ சர்க்கரை ஏற்கெனவே கரைந்துபோன டீயை ரொம்ப நேரம் கலக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மனுஷர் இப்போது இல்லை, இருந்தாலும் போகவில்லை.

பிறகு எங்கள் யூனிட்டிலிருந்து என்னை ஒரு சூளை இயந்திரக் கண்காட்சிக்குத் துபாய்க்கு அனுப்பினார்கள். கண்காட்சியை விட்டுவிட்டு முதல் நாளே மத்தியானம் உன் கடைக்கு வந்துவிட்டேன். கறுப்பு ஏப்ரனோடு, தோளில் துண்டோடு நீ கிரில்லிலிருந்து இறங்கி வந்து, "என்ன சாப்புடறீங்க சார்?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை. அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஊர்க்காரன் ஒருவன் முன்னால் நீ நின்றது அதுதான் முதல் தடவை என்று கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

மெனு அட்டையைப் பார்த்தேன். படிக்க முடிந்தது, ஒன்றும் விளங்கவில்லை. நீ உன் உடம்பையே தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தினாய். "மாடு எந்த எடத்துல உழைக்குதோ அந்தக் கறி முறுக்கா இருக்கும். எங்க சும்மா இருக்குதோ அது மெத்துன்னு இருக்கும். டெண்டர்லாயின்னா முதுகெலும்புக்கு அடியில ஒரு வேலையும் செய்யாம படுத்துக் கெடக்கற கறி, உங்க மேனேஜர் மாதிரி. சர்லாயின் இடுப்புப் பக்கம், கொஞ்சம் மெல்லணும். ரிப்ஐ விலாவுக்கு மேல, ஊடால கொழுப்பு ஓடும். உனக்கு அதான். மொத மொதல்ல திங்கறவன கொழுப்புதான் காப்பாத்தும்."

பதம் கேட்டாய். முழுசாக வேகட்டும், பச்சையாகத் தின்ன நான் என்ன புலியா என்றேன். உன் முகம் சுண்டிவிட்டது. "தாராளமா. அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வந்த? ஊர்ல உன் சூளையில செங்கல்லு இருக்கும், அதக் கடிச்சிருக்கலாம்ல."

"சரி, அரைவேக்காடா குடு."

"அதுதான் நீயே இருக்கறியே. முக்கால் வேக்காடு தரேன், வாய மூடிக்கிட்டு இரு."

அந்தக் கம்பியைக் கறிக்குள் குத்தி, முள் நிற்கும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்தே கையைத் தூக்கி எனக்குக் காட்டினாய். தட்டு வந்ததும் நான் கத்தியை எடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாய். "அஞ்சு நிமிஷம் தொடாத. சூளைய சூட்டோட தொறந்தா என்ன ஆவும்?" வெடிக்கும் என்றேன். "இதுவும் அப்படித்தான். இப்ப வெட்டுனா சாறெல்லாம் தட்டுல ஓடிரும், உனக்குச் சக்கைதான் மிச்சம்." அடுப்பிலிருந்து இறங்கிய சோற்றுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. அப்புறம் வெட்டினேன். உள்ளே சிவப்பாக இருந்ததைப் பார்த்து, இது ரத்தமா என்று கேட்டேன். "ரத்தம் அறுக்கறப்பவே போயிடுச்சு. இருந்தா நான் தின்பனா? இது கறியோட சாறுடா" என்றாய்.

தொட்டுக்கொள்ள வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு, சுட்ட சோளம், காளான் எல்லாம் கேட்டேன். மசியலும் காளானும் மட்டும்தான் கொடுத்தாய். "பக்கத்துல வெக்கிறது பொண்ணுக்குத் தோழி மாதிரி இருக்கணும். பொண்ண விட மினுக்கக் கூடாது."

உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு கறியை நான் அதற்குமுன் தின்றதில்லை. நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாயே, அந்த முகத்தை உன் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி என்றால் என் அம்மா குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வரச் சொல்லுவாள், என் வீட்டுக்காரி அதற்கு ஒரு படி மேல். நீ சுட்டதை நான் சொல்வதில்லை, நான் தின்றதை நீ சொல்வதில்லை. கை குலுக்கிக்கொண்டோம். உன் கையில் புறங்கை முழுக்கச் சின்னச் சின்னத் தீப்புண் தழும்பு.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன் மாமனார் காலமான பிறகு ஒரு லீவில் வந்திருந்தாய். ஜங்ஷன் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். "வூட்ல சொல்லிடலாம்னு பாக்கறேன்டா" என்றாய். "மாமாவும் மவுத்தாயிட்டாரு. இனிமே யாருக்குப் பயந்துக்கறது? அவளுக்கு ஒரு நாள் நானே சுட்டுப் போட்டு, இதான்டி என் வேலைன்னு சொல்லணும்."

அன்றைக்கு நான் ஒரு பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். "இத்தன வருஷம் இல்லாம இப்ப எதுக்கு? இவ்ளோ நாளு ஏமாத்துனியான்னு அந்தப் பொண்ணு கேட்டா என்னடா சொல்லுவ? ஓடற வண்டி ஓடட்டும் வுடு." நீ காலி கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டினாய். "அதுவும் சரிதான்" என்றாய். நல்ல யோசனை சொன்ன திருப்தியோடு நான் இன்னொரு டீ வாங்கிக் குடித்தேன்.

அதற்கு அடுத்த லீவில் வந்தவன் திரும்பிப் போகவில்லை. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி, உனக்காகத் துக்கம் காத்து இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் வெளி ஆம்பளை யாரும் அவளைப் பார்க்க முடியாது. அது முடிந்த வாரமே ஆள் அனுப்பினாள். போனேன். உன் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தாள். ஒரு தட்டில் இந்தக் கம்பியை வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"அண்ணே, இது என்னதுண்ணே?"

ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. நாக்கு தயாராக இருந்தது. "சூளையில சூடு பாக்கற கருவிம்மா."

அவள் அதை எடுத்து முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுல நம்பரே நூத்தி இருவதோட நின்னுடுதே. எந்தச் சூளைண்ணே நூத்தி இருவதுல வேவும்? நீங்க ரெண்டு பேரும் இந்தக் கூடத்துல ஒக்காந்து ஆயிரத்தி எரநூறு, ஆயிரத்தி முந்நூறுன்னு பேசறதத்தான வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கறேன்."

பீங்கான்காரனான எனக்கு அது தோன்றவில்லை பார். அவளே பேசினாள்.

"எனக்குத் தெரியும்ண்ணே. மொத லீவுலயே தெரியும். பொட்டியத் தொறந்தா சட்டை பூரா கறி சுட்ட வாசனை. டைல்ஸ் கம்பெனில கறியா சுடுவாங்க? எங்க அத்தா வந்து மோப்பம் புடிச்சிடப் போறாங்கன்னு அவரு குளிச்சிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஊற வெச்சிடுவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்."

"ஏம்மா நீ கேக்கல?"

"அவரு வாயால சொல்லட்டும்னு இருந்தேன். அத்தா போனதுக்கு அப்புறம் ஒரு லீவுல சொல்ல வர்ற மாதிரியே இருந்தாரு. ரெண்டு நாளு என் பின்னாடியே சுத்துனாரு. அப்புறம் உங்களப் பாத்துட்டு வரேன்னு ஜங்ஷன் பக்கம் போனாரு. வந்தாரு. ஒண்ணும் சொல்லல."

மாப்ள, அந்தக் கூடத்தில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

உன் ஸ்டேக் கடையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவர் என்ன சுட்டாரோ அதை ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கணும். போன மாதம் என் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் பாண்டிச்சேரிக்குப் போனோம், அங்கே ஒரு ஸ்டேக் கடை இருக்கிறது. ஹலாலா என்று முதலில் விசாரித்தாள். ஹலால்தான். பிறகு அட்டையை என் பக்கம் தள்ளினாள். நீ சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், மேனேஜர் உட்பட. அவள் சிரித்தாள். உன் குரலை அதில் கேட்டிருப்பாள் போல. ரிப்ஐ போதும் என்றாள். எனக்கும் அதையே சொன்னேன். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் கோழி சொன்னாள். திரும்பி வரும்போது வடலூர் தாண்டும்வரைக்கும் என்னோடு பேசவில்லை.

"நல்லா வேக வெச்சிடலாமாம்மா?" என்று பரிமாறுகிறவர் கேட்டார். முக்காடு போட்ட பொம்பளை வேறு எதைக் கேட்கப்போகிறாள் என்ற நினைப்பு. தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"அவரு எப்படிண்ணே சுடுவாரு?"

"முக்கால் வேக்காடும்மா. உள்ள செவப்பா இருக்கும். ரத்தம் இல்ல, சாறுதான்."

"அப்படியே வரட்டும்."

தட்டு வந்தது. மசியலும் காளானும் பக்கத்தில். கத்தியை எடுக்கப்போனவளிடம் கொஞ்சம் பொறும்மா என்றேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிமாறுகிறவர் பதறிப்போய் வந்தார். "ஏம்மா, சரியா வரலீங்களா? மாத்தித் தரட்டுங்களா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் ஆற வுட்டுத்தான் வெட்டணும்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். "எங்க வூட்டுக்காரரு துபாய்ல ஸ்டேக் கடையில கிரில் மாஸ்டருங்க."

அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிறவர், "அப்படீங்களா! அப்ப நீங்கதாம்மா எங்களுக்குச் சொல்லணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் வெட்டி, ஒரு துண்டை வாயில் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக மென்றாள். தட்டில் ஒன்றும் மீதி வைக்கவில்லை.

அதைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுதான் ஆயிற்று, மாப்ள. நீ அத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததை, ஒரு நாள் தைரியமாக வாய்வரைக்கும் கொண்டுவந்ததை, டீக்கடையில் நின்று திருப்பி உள்ளே தள்ளியவன் நான். அன்று ஜங்ஷனில் உன்னோடு என்ன பேசினேன் என்று தங்கச்சி இதுவரை என்னிடம் கேட்கவில்லை. உன்னிடம் காத்திருந்த மாதிரியே என்னிடமும் காத்திருக்கிறாளோ என்னவோ. உன்னிடம் சொல்லிவிட்டேன். இனி எழுந்து போய் அவளிடம் சொல்ல வேண்டும்.