ஆடிக்குப் போன மாப்பிள்ளை

1963 யூலை 16, உடுவில்

மாமி வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. ஆடி முழுக்கக் காங்கேசன்துறையில் தாயோடுதான் இருப்பாராம். இவருடைய பாட்டன் நாகப்பட்டினத்திலிருந்து பாய்க்கப்பலில் வந்து குடியேறியபோது கூடவே வந்த வழக்கம். அங்கே, முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கேயோ நான் இருப்பதே என் தாய்வீடு. வந்து குடியிருப்பவர் இவர். ஆகவே மாப்பிள்ளையை அனுப்ப வேண்டுமாம்.

ஐயா படலையைச் சாத்திவிட்டு வந்து அம்மாவிடம் கேட்டார்: "கலியாணம் முடிஞ்சு ரண்டு மாசம். என்ரை பிள்ளையிலை என்ன குறை கண்டவை?"

யூலை 17

ஆடிப்பிறப்பு. கூழ் குடிக்க அம்மா இவருக்கும் சேர்த்துப் பிலாவிலையைக் கரண்டிபோல் கோலிவிட்டா. ஐயா அந்த இலையை எடுத்து அடுப்புக்குள் போட்டார்.

யூலை 20

அமாவாசைத் தீர்த்தமாடக் கீரிமலைக்குப் போன ஐயா இவரைக் கண்டிருக்கிறார். "மாமா" என்று கிட்ட வந்தாராம். ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். ஒரே திருநீறு, ஒரே தேவாரம், பஸ்ஸில் அரை மணித்தியாலம். இதற்குள் இத்தனை வேறுபாடா?

ஓகஸ்ட் 5

கடிதம் இல்லை.

ஓகஸ்ட் 17

ஆவணி ஒன்று. விடியவே முழுகிப் புதுச்சேலை கட்டிக்கொண்டு இருந்தேன். பின்னேர பஸ்ஸும் போய்விட்டது. வரேல்லை. ஏன்? நான் என்ன பிழை விட்டனான்?

ஓகஸ்ட் 19

ஐயா முடிவாகச் சொல்லிவிட்டார்: "புதன்கிழமை கோட்டடிக்குப் போய்ப் பிறக்கிராசியாரைக் காணப் போறன். கலியாணத்தைத் தீர்த்துவிடுவம். இனி உவன் இந்தப் படலைக்குள்ளை கால் வைக்கப்படாது."

அழுதுகொண்டு கிடந்தபோதுதான் கலியாண வீட்டில் மாமி சொன்னது நினைவு வந்தது. "எங்கடை ஆச்சியைப் புருசன் வீட்டார் ஆவணி ஒண்டிலை தட்டத்தோடை வந்து அழைச்சவை. அழையாமல் போறது மரியாதையில்லை." அன்றைக்குச் சும்மா சிரித்துவிட்டேன். அனுப்பிய வீட்டார்தான் போய் அழைக்க வேண்டும். இந்த முறை அனுப்பிய வீட்டார் நாங்கள் - இவர் அங்கை எங்கடை வரவைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்.

ஓகஸ்ட் 20

ஐயா தோட்டத்துக்குப் போனதும் வெற்றிலை, பழம், வேட்டி வைத்த தட்டத்தோடு அம்மாவும் நானும் பஸ் ஏறினோம்.

வாசலில் மாமி அழுதா. "மூண்டு நாளாப் பாத்துக்கொண்டு இருக்கிறம். என்ரை பிள்ளை உங்களுக்கு வேண்டாமெண்டு நினைச்சன்."

இவர் மெலிந்துபோயிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. "வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"என்னை வந்து கூப்பிடுங்கோ எண்டு நானே கேக்கிறதோ?"

திரும்பி வந்தபோது ஐயா படலையை மறித்து நின்றார். "நாங்கள்தான் அழைக்கப் போகாமல் விட்டது" என்றா அம்மா. ஐயா இவரையும் தட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார்.

1964 யூலை 14

காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது ஐயா என்னிடம் கேட்டார்: "ஆடி பிறக்கப் போகுது. மருமோன் இன்னும் பெட்டி கட்டேல்லையோ?"

முதல் ஆடிக்கு மட்டும்தான் என்று இவர் சொன்னார். ஐயா "ஓம், ஓம்" என்று எழும்பிப் போய்விட்டார்.

கலண்டரில் ஆவணி ஒன்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறது. நான் போடவில்லை.