சந்தின் குறுக்கே கிடந்த வேம்பு

மே 6, செவ்வாய்

வானம் ஒன்றுமே நடக்காத மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. நேற்றுச் சாயங்காலக் காற்றில் கொல்லை முருங்கை முறிந்தது. வாசல் வேம்பு வேரோடு சாய்ந்து, சந்தின் குறுக்கே வழியை அடைத்துக்கொண்டு, எதிர்வீட்டு ராஜாத்தி அக்கா கேட்டில் தலைவைத்துப் படுத்திருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. அதுவரைக்கும் நிம்மதி.

வீட்டுக்கு வரும் ஒயர் அறுந்துவிட்டது. கரண்ட் இல்லை. மோட்டார் இல்லை, தண்ணீர் இல்லை, தையல் மிஷின் இல்லை. தைக்க வாங்கிய பள்ளிக்கூட யூனிபார்ம் துணி மூட்டை அப்படியே. லைன்மேன் வந்து பார்த்தார். மரத்தை எடுத்துவிட்டுக் கூப்பிடச் சொன்னார். நியாயம்தான்.

முருங்கையை நானே அரிவாளால் கழித்தேன். கீரை தெருவுக்கே கொடுத்தும் மிச்சம். மதியம் முருங்கைக்கீரை. ராத்திரியும் அதேதான்.

வேம்பை அறுக்க மிஷின் ரம்பக்காரர் வந்தார். மாமனார் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போய் மரத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வேரில் பாதி மண்ணுக்குள்தான் இருக்கிறதாம். படுத்தபடியே துளிர்க்குமாம். ரம்பம் திரும்பிப் போயிற்று.

வீடு கட்டின வருசம் அவரும் அத்தையும் வைத்த மரம். தெரியும். அத்தை இன்று இருந்திருந்தால் முதலில் அரிவாள் எடுத்தது அவராகத்தான் இருக்கும்.

மே 7, புதன்

புழுக்கம். தெருக்குழாயில் குடம் குடமாகத் தூக்கி இடுப்பு போயிற்று.

ராஜாத்தி அக்கா மகள் முத்துலட்சுமி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாள் நெருங்கிவிட்டது. காலையில் செக்கப்புக்குப் போக, கிளைகளுக்குள் குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓடிப்போய்க் கொப்பை விலக்கிப் பிடித்தேன். அக்கா சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. வரவில்லை.

"ஏத்தா, திடீர்னு வலி வந்துட்டா இவள எப்பிடித் தூக்கிட்டுப் போவேன்? ஆட்டோகூட உள்ள வராதுல்ல" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்பா கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் பூட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அங்கேயிருந்து போன் வேறு: கரண்ட் வந்துவிட்டதா? மரம் தானாக எழுந்து நகர்ந்தால் வரும்.

மாமாவிடம் நயமாகப் பேசினேன். முத்துலட்சுமியைச் சொன்னேன். அந்தக் காலத்தில் கட்டிலில் வைத்துத் தூக்கிப் போனோம் என்கிறார். காபி மட்டும் நாற்காலிக்கே வரவேண்டும். ரம்பக்காரர் மறுபடி வந்தார், மறுபடி விரட்டப்பட்டார். இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வடமதுரை ஊர் வரைக்கும் விழுந்த மரம்; அவருக்கென்ன, வேலைக்கா பஞ்சம்.

மே 8, வியாழன்

மாமாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. முன்னாடியே குறித்துக் கொடுத்த நாள். வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட்டிப்போனார். தான் இல்லாதபோது மரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் மாமா படியிறங்கினார். சரி மாமா என்றேன்.

டவுன் பஸ் ஏறியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு ரம்பக்காரருக்குப் போன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். கெஞ்சினேன். வந்தார்.

முதலில் கொப்பு, அப்புறம் நடுமரம். ராஜாத்தி அக்கா அந்தப் பக்கம் கயிறு பிடித்தார். சந்து முழுக்கக் கசப்பு வாடை. அடிக்கட்டையை மட்டும் விடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. லைன்மேன் வந்து ஒயரைக் கட்டிவிட்டுப் போனார். ஃபேன் சுற்றியது. அதன் கீழே உட்காரப் பயமாக இருந்தது.

மாமா சந்து முனையிலேயே நின்றுவிட்டார். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு சொல்லி வெட்டுனது?"

"நாந்தான் மாமா."

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை.

மே 9, வெள்ளி

காலையில் கடைக்குப் போய் இட்லி தின்றுவிட்டு வந்திருக்கிறார். மதியமும் கடை. தெருவுக்கே தெரிந்தாயிற்று. மருமகள் சோறு போடவில்லை என்று பேச இனி யாரும் தனியாகக் கதை கட்ட வேண்டியதில்லை.

வாசலில் ஆளுக்கொரு கேள்வி. விறகு தருவீர்களா? கதவு நிலைக்கு ஆகுமா? ஆட்டுக்குத் தழை எடுத்துக்கட்டுமா? எடுத்துப் போங்கள், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

யூனிபார்ம் தைக்க உட்கார்ந்தேன். காலர் கோணல். பிரித்தேன். திரும்பவும் கோணல்.

அவர் முகத்தைப் பார்த்து 'சரி மாமா' என்று பொய் சொன்னது உறுத்துகிறது. வெட்டினது உறுத்தவில்லை. இரண்டையும் அவரிடம் எப்படிப் பிரித்துச் சொல்வது? வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னேன். நீயே சொல்லு என்கிறார். இதற்கு மட்டும் வாய் திறக்கும்.

மே 10, சனி

விடிந்ததும் விடியாததுமாக முத்துலட்சுமிக்கு வலி. ஆம்புலன்ஸ் அக்கா வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. சந்தில் உருண்டு கிடந்த கட்டைகளை மாமா காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

உச்சிவேளையில் போன். பொம்பளைப் பிள்ளை. இருவரும் நலம். சொல்லும்போதே அக்கா அழுதார். கூடத்தில் படுத்திருந்த மாமாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக எல்லாம் திருப்பிச் சொன்னேன்.

கத்தரிக்காய்க் குழம்பு இறக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்ல."

"கேட்டா விட்டிருப்பீங்களா மாமா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழம்பில் உப்புக் கம்மியாம்.