பூட்டாகாத பெட்டி

1988 மே 12, வியாழன்

மகன் மணி கடைக்கணக்குக்காக வாங்கிய கம்ப்யூட்டர் இன்று எழுந்திருக்கவில்லை. எர்ணாகுளத்திலிருந்து வந்த மெக்கானிக் பின்பக்கம் திறந்து வயரையெல்லாம் அசைத்துப் பார்த்தான். "பூட்டாகல அம்மே" என்றான்.

அஞ்சாம் கிளாஸ் படித்தவளுக்கும் பூட்டு என்றால் தெரியும். மிளகுக் கிடங்கு முதல் பீரோ வரை எல்லாச் சாவியும் என் இடுப்பில்தான் இருக்கிறது. "அதுக்குச் சாவி யாருகிட்ட?" என்று கேட்டேன். மணி விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அது இங்கிலீஷ் பூட்டு. பூட்டாகலைன்னா மெஷின் எழும்பலைன்னு அர்த்தம்."

மெக்கானிக்கும் சிரித்தான். சிரித்துக்கொண்டே முன்பக்கம் குனிந்தவன் சட்டென்று நிறுத்தினான். அங்கே சின்னதாக ஒரு சாவித்துளை. "சேட்டா, இது நிஜமாவே பூட்டியிருக்கே!"

மருமகள் சரசு தாலிக்கொடி ஊக்கிலிருந்து ஒரு குட்டிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். திருப்பியதும் பெட்டி எழுந்துவிட்டது. இவ்வளவு நேரம் மறந்திருந்தாளாம். "குழந்தைங்க தொடக் கூடாதுன்னுதான் அத்தை" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

குழந்தைகள் திருப்பூணித்துறையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது. இங்கே நானும் அவளும் மணியும்தான்.

சாவிக்கொத்தை இன்று தலையணைக்கடியில் வைக்கவில்லை. இடுப்பிலேயே இருக்கட்டும். குத்தினால் குத்தட்டும்.