நாம் மாற்றிக்கொண்ட டியூட்டி

என் பிரியமான மாமா,

காலையிலிருந்து நாலு தடவை பம்பைத் துடைத்துவிட்டேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை, கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நாளைக்குப் பத்து மணிக்குச் சேலத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். நம் தீயணைப்பு நிலையத்தில் நிற்கும் ஆம்புலன்ஸ் வண்டி நம்மிடமே இருப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று விசாரிக்கப் போகிறார்.

இதைக் கிளப்பிவிட்டது யார் தெரியுமா? உங்கள் மச்சினன்தான். உங்கள் காரியம் முடிந்த கையோடு மனு எழுதிப் போட்டேன். 'தீயை அணைக்க வேண்டிய ஆளை நோயாளி தூக்க அனுப்புகிறார்கள். அதனால்தான் என் அக்காவின் புருஷனை இழந்தோம். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்' என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

அன்றைக்கு வண்டி டியூட்டி உங்களுடையது. பம்பு டியூட்டி என்னுடையது.

கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். மனைவிக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி என்று தெலுங்கில் அழுதார். உடனே நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கன்னடக்கார வீடென்றால் நீங்கள், தெலுங்குக்கார வீடென்றால் நான் என்பது நம் இருவருக்குள் எழுதாத சட்டம் அல்லவா? முன்பு ஒரு தடவை தெலுங்கு வீட்டுக்கு நீங்கள் தனியாகப் போனபோது, காக்கி உடுப்பைப் பார்த்த பெண், போலீஸ் பிடிக்க வந்துவிட்டதென்று கதவைத் தாழ்போட்டுக்கொண்டாளே! இத்தனை வருஷம் இங்கே இருந்தும் சிங்காரப்பேட்டைக்காரரான உங்களுக்குத் தெலுங்கு மட்டும் ஏறவே இல்லை. "வா அக்கா" என்பதைத் தெலுங்கில் "ரா அக்கா" என்று நீங்கள் சொல்லிப் பழகியதைக் கேட்டு அக்காவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம்.

"நீ போயிட்டு வா மாப்ள. நா போனா அந்தம்மா வண்டி ஏறாது. பம்ப நா பாத்துக்கறேன்" என்றீர்கள்.

"அது காத்து வாங்குது மாமா, தண்ணி நின்னுடும். பக்கத்துலயே நிக்கணும்."

"அட போடா, எனக்கே பாடம் சொல்றியா?"

நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இங்கே புளி மண்டியில் தீப்பிடித்தது. பம்பை ஓட்டித் தண்ணீர் வரவழைத்துவிட்டீர்களாம். மூட்டை தூக்குகிறவர் ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டார் என்றதும் பம்பை விட்டு ஓடினீர்களாம். உங்களால் எப்படி நிற்க முடியும்? அவரை வெளியே தள்ளிவிட்டீர்கள். அதற்குள் கிணற்றில் கிடந்த குழாய் காற்று வாங்கித் தண்ணீர் நின்றுவிட்டது. அதை மறுபடி வரவழைக்கத் தெரிந்தவன் அங்கே இல்லை. உத்தரம் உங்கள் மேல் சரிந்தது.

காலையில் நிரப்பாமல் விட்ட டியூட்டிப் புத்தகத்தை நான் திரும்பி வந்ததும் நீட்டினார்கள். வண்டிக்கு நேரே என் பெயரையும் பம்புக்கு நேரே உங்கள் பெயரையும் எழுதினேன், முதலிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல. ஏன் எழுதினேன்? பயமா? துக்கமா? இன்னும் தெரியவில்லை மாமா.

டீக்கடையில் இப்போது இரண்டு கட்சி. டாக்டர் இருக்கிற இடத்தில்தான் வண்டி இருக்க வேண்டும் என்கிறது ஒன்று. ஆஸ்பத்திரியில் டிரைவர் ஏது, கூப்பிட்ட உடனே ஓட நிலையத்துக்காரர்கள்தான் சரி என்கிறது இன்னொன்று. இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. பாஷை பார்த்து ராஜ்யங்களைப் பிரித்தாகிவிட்டது. நம் வண்டி போகிற ஊர்களில் ஒரே தெருவில் மூன்று பாஷை இருக்கிறதே, அங்கே அவரவர் பாஷையில் யார் போய்க் கூப்பிடுவார்கள்?

இன்று மத்தியானம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"இத்தன மாசம் ஏண்டா சொல்லல?"

எழுந்து உள்ளே போனாள். இனி என் முகத்தையே பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அந்தப் பொண்ணு பொழச்சாளா?"

"பொழச்சாக்கா. பொட்டப்புள்ள பொறந்துச்சு."

"அப்ப நாளைக்கி அதயும் சேத்துச் சொல்லு. ஒண்ண உட்டுட்டு ஒண்ணச் சொல்லாத. உங்க மாமாவுக்கு அது புடிக்காது."

மறுபடி முறத்தை எடுத்தாள். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

நாளைக்கு மனுவைத் திரும்பக் கேட்பேன். வண்டி நம்மிடமே இருக்கட்டும், ஆனால் அதற்கென்று பாஷை தெரிந்த ஆள் இரண்டு பேர் தனியாக வேண்டும், பம்புக்காரன் பம்பை விட்டு நகரக் கூடாது என்று சொல்வேன். 'ஆள் தர முடியாது, அப்போது என்ன செய்வாய்?' என்று அவர் கேட்டால்? சைக்கிள்காரர் முகம் வருகிறது, உங்கள் முகம் வருகிறது. அதற்கு மேல் யோசனை ஓடவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம் மாமா. வேலை போனாலும் போகட்டும், அவர் முன்னாலேயே டியூட்டிப் புத்தகத்தைத் திறந்து நான் எழுதியதை அடித்துவிடுவேன். வண்டிக்கு நேரே உங்கள் பெயரை எழுதுவேன். அன்றைக்கு நீங்கள் அந்தப் பெண்ணை இறக்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டியவர். பம்புக்கு நேரே என் பெயர் இருக்கும்.

இப்படிக்கு,
பம்பை விட்டுப் போன உங்கள் மச்சினன்,
கோவிந்தன்