சர்வருக்கு இரண்டாவது கேபிள்

நவ. 17, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பீர்க்கன்கரணை ஏரிக்கரை ரோட்டில் கணுக்கால் தண்ணீர். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது செருப்பு வார் அறுந்தது. தாம்பரத்தில் இறங்கி காலேஜ் வரைக்கும் ஒரு காலைத் தேய்த்துத் தேய்த்து நடை. திங்கட்கிழமைக்கு இது போதாதா!

இன்று:
– சர்வரில் டீமிங் சாஃப்ட்வேர்
– பழைய ஸ்விட்ச்சில் காலித் துளை இருக்கிறதா பார்க்க
– செருப்பு தைக்க
– இவருக்கு இருமல் மருந்து

9.15. பிரின்சிபால் ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினார். விஷயம் தெரிந்ததுதான். போன மாதம் ஒரு கம்பெனி நம் பிள்ளைகளுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு வைத்தது. நடுவில் இரண்டு முறை சர்வர் தொடர்பு அறுந்து, 240 பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை மறுதேர்வு.

"ஸ்டெல்லா, இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லம்மா. சர்வர் வேலையை பிரகாஷ் கம்பெனிக்கே குடுத்துடலாம்னு மேல சொல்றாங்க. உங்களை அட்மிஷன் செக்‌ஷன்ல…"

முடிக்கவில்லை. நல்ல மனுஷன், முடிக்க வாய் வரவில்லை.

எட்டு வருஷம். அந்த சர்வருக்கு ஜுரம் என்றால் எனக்கும் ஜுரம். நான் போய் அட்மிஷன் செக்‌ஷனில் டி.சி.க்கு சீல் குத்தவா? முடியாது. முடியவே முடியாது.

என் யோசனை இதுதான். இப்போது சர்வருக்கு ஒரே கேபிள். அது ஜூனில் பிரகாஷ் மாட்டிய புது நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு, அதாவது எல்லா கேபிளும் வந்து சேரும் பெட்டிக்கு, போகிறது. சர்வரின் பின்னால் இன்னொரு நெட்வொர்க் கார்டு சும்மா கிடக்கிறது. அதிலிருந்து இரண்டாவது கேபிளைப் பழைய ஸ்விட்ச்சுக்கு இழுக்க வேண்டும். லேப் எல்லாம் அந்தப் பழசில்தான், அங்கிருந்து ஒரு கேபிள் புதுசுக்குப் போகிறது. பிறகு இரண்டு கார்டையும் சாஃப்ட்வேரால் ஒரு டீமாகச் சேர்க்க வேண்டும். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும்.

ஃபாதருக்கு எப்படிச் சொல்வது? "ஹாஸ்டல் மெஸ்ல ரெண்டு சிலிண்டர் இருக்குல்ல ஃபாதர், அது மாதிரி. ஒண்ணு தீர்ந்தாலும் சாம்பார் கொதிக்கிறது நிக்காது." சிரித்தார். சம்மதம்.

பிரகாஷ் சிரிக்கவில்லை. ஸ்விட்ச் விற்ற கம்பெனியின் இன்ஜினியர் அல்லவா. "பழைய சர்வர் மேடம். டீமிங் எல்லாம் இதுல செட் ஆகாது. ரிஸ்க் எடுக்காதீங்க." என் ரிஸ்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் பெட்டியைப் பார். (மனதுக்குள்.)

11 – 4. இரண்டு கார்டுக்கும் டிரைவர் (கார்டை ஓட்டுகிற புரோகிராம்) வேறு வேறு காலத்தது. சாஃப்ட்வேர் சேர்க்கவே மாட்டேன் என்றது. இரண்டையும் எடுத்து, புதிது போட்டு, ரீஸ்டார்ட். ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பதினோரு நிமிஷம். மொத்தம் நான்கு. நடுவில் தயிர்சாதம், நின்றபடி.

4.20. டீம் வந்துவிட்டது! பச்சை விளக்கு இரண்டு!

4.35. வந்து என்ன பயன். பாதி மெஷினுக்கு சர்வர் தெரிகிறது, பாதிக்குத் தெரியவில்லை. தெரிகிறவற்றிலும் ஓடுகிறது, நிற்கிறது. பிரகாஷ் கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் உடம்பெல்லாம் எரிகிறது.

இருமல் மருந்து மறந்தாயிற்று. இவர் இருமியே ஞாபகப்படுத்தினார்.

நவ. 18, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். செருப்பு தைத்தாயிற்று.

நேற்றைய தப்பு என்னுடையதுதான். மறைக்க என்ன இருக்கிறது, என் டைரிதானே. சாஃப்ட்வேரில் எந்த முறையில் டீம் வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். நான் அவசரத்தில் மேலே இருந்ததை அழுத்திவிட்டேன். அந்த முறைக்கு இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்ச்சில் இருக்க வேண்டும், அந்த ஸ்விட்ச்சிலும் அதைச் சொல்லி வைக்க வேண்டும். நான் இழுத்ததோ இரண்டு ஸ்விட்ச்சுக்கு. மண்டு. சுத்த மண்டு.

ஸ்விட்ச்சுக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லாத முறைக்கு மாற்றினேன். இரண்டு கார்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் அதன் பங்கையும் மற்றது தூக்கிக்கொள்ளும். இரண்டே நிமிஷம். எல்லா மெஷினுக்கும் சர்வர் தெரிந்தது.

சோதிக்க லேப் அட்டெண்டர் கண்ணன் அண்ணாவைக் கூப்பிட்டேன். நான் ஸ்கிரீனைப் பார்க்கிறேன், நீங்கள் பின்னாலிருந்து ஒரு கேபிளைப் பிடுங்குங்கள் என்றேன். அவர் பயந்தார்.

"மேடம், நெசமாவா? அப்புறம் என் மேல போடக்கூடாது."

"பிடுங்குங்கண்ணா."

பிடுங்கினார். ஒரே ஒரு இமை சிமிட்டல். பிறகு ஓட்டம்தான். இன்னொன்றை மாற்றிப் பிடுங்கச் சொன்னேன். அதற்கும் அசையவில்லை.

"இன்னா மேடம் இது, புடுங்கினாலும் ஓடிகினே கீது!"

கேன்டீனில் அவருக்கும் எனக்கும் வடை. நான் இரண்டு தின்றேன். தின்றால் என்ன.

மாலை இவரிடம் முழுக் கதையும் சொன்னேன். கணக்கு வாத்தியார், பேப்பர் திருத்தியபடியே கேட்டார். "அப்ப ஜெயிச்சிட்ட?" என்றார். "வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றேன். உள்ளுக்குள் ஜெயித்தாயிற்று.

நவ. 19, புதன்

தூறல். நாசமாய்ப் போன நாள். அப்புறம் கொஞ்சம் நல்ல நாள். வரிசையாக எழுதுகிறேன்.

11.20. காலேஜ் முழுக்க நெட்வொர்க் செத்தது. சர்வர் மட்டுமில்லை, லைப்ரரி, ஆபீஸ், எல்லாமே. ஃபோன் மேல் ஃபோன்.

11.50. பிரகாஷ் பொழிச்சலூரிலிருந்து பைக்கில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "நான் அப்பவே சொன்னேன்ல மேடம். திங்கட்கிழமையே பாதி மெஷின் போச்சு. இப்ப மொத்தமும் போச்சு. எல்லாம் அந்த டீமிங்தான்."

திங்கட்கிழமைத் தப்பு என்னுடையது, அதற்கு வாயைத் திறக்க முடியவில்லை. இது நான் இல்லை என்று மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்றால், தெரியும், அவ்வளவுதான்.

12.15. ஃபாதர்: "எடுத்துடுங்கம்மா. வேற வழி இல்ல." சண்டை போட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, ஃபாதரிடம் போய். எடுத்தேன்.

12.41. டீம் இல்லாமல் சர்வர் எழுந்தது. நெட்வொர்க்கும் வந்தது. எல்லாம் ஓடுகிறது. பிரகாஷ் ஃபாதரைப் பார்த்தார், ஃபாதர் தரையைப் பார்த்தார். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

1.30. மறுபடி செத்தது!

டீம் இல்லை. கேபிள் ஒன்றே ஒன்று. பழையபடி எல்லாம். அப்படியும் செத்தது! நெட்வொர்க் செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் இந்தத் தாம்பரத்திலேயே நான் ஒருத்திதான். ஓடிப்போய் ஃபாதரிடம் சொன்னேன்: "பாத்தீங்களா ஃபாதர், நான் எடுத்த பிறகும் செத்துடுச்சு!" அவருக்கு ஏன் நான் சிரிக்கிறேன் என்று புரியவில்லை.

பிரகாஷ் விடுவாரா. "அந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் உள்ள எதையாவது விட்டுட்டுப் போகும் மேடம். சர்வரை ஃபார்மட் பண்ணிடணும்." ஃபார்மட்டா? தேர்வுக்கான அத்தனை ஏற்பாடும் அதில் இருக்கிறது. மறுபடி எல்லாம் ஏற்ற நான்கு நாள் ஆகும். ஃபாதர் நாளை மதியம் வரை எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு பிரகாஷ் இஷ்டம்.

சாயங்காலம் வீட்டில் குழம்பு தீய்ந்தது. இவர், "பரவாயில்ல, வாசனையா இருக்கு" என்றார். கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. படுக்கும்முன் ஜெபம். ஆண்டவரிடமும் கொஞ்சம் குரல் உயர்ந்துதான் போயிற்று.

நவ. 20, வியாழன்

வெயில்!! துணி எல்லாம் மொட்டை மாடியில்.

காலையில் பீன்ஸ் நறுக்கும்போது உதித்தது. நெட்வொர்க் உயிரோடு இருந்தது 12.41க்குப் பிறகு, செத்தது 1.30க்கு. டீமை எடுத்ததால் உயிர் வந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் 12.30 முதல் 1.30 வரை காலேஜில் வேறு என்ன மாறும்? சாப்பாட்டு நேரம்! கரண்ட் மிச்சம் பிடிக்க லேப் எல்லாவற்றிலும் மெயினை அணைக்க வேண்டும் என்பது ஃபாதரின் சட்டம். 12.30க்கு கண்ணன் அண்ணா அணைப்பார், 1.30க்குப் போடுவார். பீன்ஸைப் பாதியில் விட்டேன். மீதியை இவர் நறுக்கினார், ஒவ்வொன்றும் விரல் நீளம்.

8.30. கண்ணன் அண்ணாவைப் பிடித்தேன். "லேப் மெயினை ஒண்ணொண்ணாப் போடுங்க. நான் சொன்னப்புறம் அடுத்தது." முதல் கம்ப்யூட்டர் லேப், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது, சரி. மொழி லேப் போட்டார். செத்தது. அணைக்கச் சொன்னேன், உயிர் வந்தது.

மொழி லேப்பில் டீச்சர் மேஜைக்கு அடியில் ஒரு சின்ன கேபிள். சுவரில் இரண்டு நெட்வொர்க் துளை, இரண்டும் அந்த லேப் மெயினில் ஓடும் ஒரு குட்டி ஸ்விட்ச்சுக்குப் போகின்றன. கேபிளின் ஒரு முனை ஒரு துளையில், மறு முனை பக்கத்துத் துளையில். இந்த வழியே போனது அந்த வழியே திரும்பி வந்து, மறுபடி போய், சுற்றிச் சுற்றிக் காலேஜ் முழுக்க அடைத்துக்கொண்டது. பிடுங்கினேன். முடிந்தது கதை.

"கண்ணன் அண்ணா, யாரு இத ரெண்டு பக்கமும் சொருகினது?"

"நான் இல்ல மேடம்."

"நீங்கன்னு நான் சொல்லலையே."

"சொன்னா பேஜாராப் பூடும் மேடம்."

"சொல்லுங்க."

குரலைத் தாழ்த்தினார். "நேத்து பதினோரு மணி வாக்குல ஃபாதர் ரவுண்ட்ஸ் வந்தாரு. வொயர் ஒரு பக்கம் தொங்கிகினு இருந்துச்சு. வெள்ளிக்கெழம கம்பெனிக்காரங்க வராங்கோ, இன்னாப்பா இது அசிங்கமான்னு அவரே குனிஞ்சு சொருகிட்டாரு."

ஃபாதரா! தரையில் ஒரு பேப்பர் துண்டு கிடந்தாலும் குனிந்து எடுக்கிறவர். தொங்குகிற வயரை விடுவாரா!

11.00. ஃபாதர் அறை. பிரகாஷ் ஃபார்மட் செய்ய ஹார்ட் டிஸ்க்கோடு தயார். நான் விஷயத்தை மட்டும் சொன்னேன்: மொழி லேப், ஒரு கேபிள், இரண்டு முனையும் சுவரில், எடுத்துவிட்டேன், எல்லாம் ஓடுகிறது. பெயர் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிற உத்தேசமே இல்லை.

பிரகாஷ் சிரித்தார். "எந்த முட்டாள் மேடம் அப்படிச் சொருகுவான்?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார், போட்டுக்கொண்டார்.

"நான்தான் பிரகாஷ்."

பிரகாஷின் முகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "தொங்கிட்டிருந்துச்சும்மா. ஓட்டை காலியா இருந்துச்சு. அதுக்குத்தான்னு நெனச்சேன்." பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. "நான் பண்ணதுக்கு உங்களைப் போட்டு வதைச்சிட்டேனே. டீமை மறுபடி போடுங்க. யாரு தடுக்கிறாங்கன்னு பாக்கிறேன்."

போட்டேன். இந்த முறை எல்லா விடையும் மனப்பாடம். 2.40க்கு டீம், பச்சை இரண்டு. கண்ணன் அண்ணா ஞாயிற்றுக்கிழமை கோவளம் போகிறாராம், எனக்கு மீன் வாங்கி வருகிறாராம். சங்கரா சொல்லியிருக்கிறேன்.

மொட்டை மாடித் துணியை எடுக்க மறந்து, ஆறு மணி மழையில் எல்லாம் மறுபடி நனைந்தது. போகட்டும்.

நவ. 21, வெள்ளி

மேகமூட்டம். நீலப் புடவை. காலையில் இட்லி இறங்கவில்லை.

9.30. மூன்று லேப்பிலும் 240 பிள்ளைகள். கம்பெனியிலிருந்து இரண்டு பேர். ஃபாதர் வராந்தாவில் நடை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. எந்த வயரையும் தொடவில்லை. பிரகாஷ் லேப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், அவர் மேனேஜர் பார்த்து வரச் சொன்னாராம். நான் சர்வர் ரூமில்.

10.00. தொடக்கம்.

10.52. டீம் ஸ்கிரீனில் ஒரு பச்சை சிவப்பானது.

எழுந்து ரேக்கைப் பார்த்தேன். பிரகாஷின் புது ஸ்விட்ச்சில் ஒரு விளக்குகூட இல்லை. தொட்டால் சுடுகிறது, லேசாகக் கருகிய வாடை. கேபிளைக் கழற்றினேன், ப்ளக்கையும் எடுத்தேன். லேப்புக்கு ஓடினேன். ஓடாத மாதிரி ஓடினேன்.

ஒருவரும் தலை தூக்கவில்லை. டக் டக் டக் என்று கீபோர்டு. அத்தனை பேருடைய விடையும் அந்த இரண்டாவது கேபிள் வழியே, பழைய ஸ்விட்ச் வழியே போய்க்கொண்டிருந்தது. பிரகாஷ் ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

11.15. ஆபீசிலிருந்து ஃபோன்: பிரிண்டர் வேலை செய்யவில்லை. அதுவும் புது ஸ்விட்ச்சில்தான். "மதியம் பாக்குறேங்க" என்றேன். இன்று வந்த ஒரே புகார்.

அப்போதுதான் உறைத்தது. போன மாதம் சர்வருக்கு இருந்த ஒரே கேபிள் இந்த ஸ்விட்ச்சில்தானே இருந்தது! இரண்டு முறை அறுந்தது யாரால்? ஒரு மாதமாக யார் தலையைக் குனிந்து நடந்தது? அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் முடித்தேன்.

12.30. முடிவு. 240 பேரும் அனுப்பிவிட்டார்கள். ஒன்று குறையவில்லை. கடைசிப் பகுதி ரொம்பக் கஷ்டம் என்று பிள்ளைகள் கேள்வித்தாளைத் திட்டிக்கொண்டே போனார்கள். திட்டட்டும், திட்டட்டும்.

வராந்தாவில் ஃபாதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒரு தடவைகூட நிக்கலையேம்மா!" பிரகாஷும் வந்தார். பெரிய மனது பண்ணி, "சூப்பர் மேடம். நம்ம ஸ்விட்ச்சும் நல்லா சப்போர்ட் பண்ணிச்சு பாருங்க" என்றார்.

"உங்க ஸ்விட்ச் பத்து அம்பத்தி ரெண்டுக்கே செத்துப்போச்சு பிரகாஷ். வாங்க, காட்டுறேன்."

மூன்று பேரும் சர்வர் ரூமுக்கு நடந்தோம். நான் முன்னால்.