மோசெலின் அம்மி

திலஷ்கலாவில் இருக்கும் அம்மாவின் பாதம் தொட்டு, மகன் கஸ்பார் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கொல்லையில் சோளம் கதிர் பிடித்ததா? நான் நலம்.

நான் ஆடு மேய்க்கும் பண்ணையில் செம்மறிகள் பெருகிவிட்டன. சுற்றியிருந்த சோளக் கொல்லையெல்லாம் அவற்றின் வயிற்றுக்குள் போயிற்று. ஆடுகளைப் போலவே கடல் தாண்டி வந்த அந்தப் பெரியம்மையும் இங்கே எட்டிப் பார்த்தது. பயப்படாதீர்கள், எனக்குத்தான் சிறுவயதிலேயே வந்து போய்விட்டதே.

ஒரு வேடிக்கை கேளுங்கள். முதலில் பெண்கள் எல்லோரும் படுத்துவிட்டதால், பானை நிறையச் சோளம் இருந்தும் அரைக்க ஆளில்லை. எங்கள் குடிசையில் ஏழு பேரும் பட்டினி. ஆம்பளை அம்மியைத் தொடுவதா என்று மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன். சமையல்காரி மோசெல் பாயில் கிடந்தபடியே சத்தம் போட்டாள்.

"அடேய், அந்தக் கல்லு உனக்கு என்னடா பாவம் பண்ணுச்சு? மெல்லத் தள்ளு! உங்கம்மா பார்த்தா தலையில அடிச்சுக்குவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். என் ரொட்டி செருப்புத் தோல் மாதிரி இருந்தது, ஆனாலும் தின்றார்கள்.

இப்போது நன்றாகவே அரைக்கிறேன். குறை சொல்லத்தான் யாருமில்லை.

கொஞ்சம் மிளகாய் வற்றல் அனுப்புங்கள். கொண்டுவருகிறவர் ஆற்றுக்கு அக்கரையிலேயே வைத்துவிட்டுப் போகட்டும், குடிசைப் பக்கம் வர வேண்டாம்.

ஆடுகள் கத்துகின்றன, போக வேண்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள் அம்மா. ஏழு பேருக்குச் சோளம் வேகவைக்கும்போது, தோல் கழல மோசெல் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போடுவாள். ஓர் ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும்?